கற்பூரம் அணைத்த பிறகு ஓர் அப்பீல்

விதி இதுதான். காயக் குற்றங்கள் சிலவற்றில், அடித்தவரும் அடிபட்டவரும் சமாதானமாகிவிட்டால், தீர்ப்புக்கு முன்பாக இருவரும் மாஜிஸ்திரேட்டின் முன் வந்து சொல்லலாம். அவர் ஒப்புக்கொண்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. தீர்ப்பாகி, தண்டனையும் சொல்லப்பட்டு, அப்பீல் நிலுவையில் இருக்கும்போது சமாதானம் ஏற்பட்டால், அப்பீலைக் கேட்கும் கோர்ட்டின் முன் இருவரும் ஆஜராகி அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால் தண்டனை அழிந்துபோகும். அப்பீலை வெறுமனே வாபஸ் வாங்கினால் தண்டனை அப்படியே நிற்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஜொகூரின் வடபகுதியில் ஒரு சிறு கோர்ட்டில் நான் மொழிபெயர்க்கும் துபாஷியாகவும் எழுத்து வேலைகளைப் பார்க்கும் தலைமைக் கிராணியாகவும் இருந்தேன். இரண்டு வேலைக்கும் ஒரு சம்பளம். மாஜிஸ்திரேட்டுகள் வருவார்கள், மலாய் கற்றுக்கொள்வார்கள், கற்று முடிந்ததும் வேறு ஊருக்கு மாற்றப்படுவார்கள். நான் மாறவில்லை. எந்தப் பாரம், அதாவது எந்த அச்சுப் படிவம், எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று என்னைத்தான் கேட்பார்கள். அது ஒரு மனிதனைக் கெடுப்பதற்குப் போதுமான மரியாதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நடந்தது இது. பெக்கோக்குக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவர், தம் மனைவியின் அண்ணனைக் காண்டாக் கம்பால் அடித்துக் கையை முறித்துவிட்டார். காண்டா என்பது பால்வாளிகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு. தினமும் கையில் இருக்கும் பொருள் என்பதால் ஆயுதம் தேட வேண்டியிருக்கவில்லை.

சண்டை அந்தப் பெண்ணைப் பற்றியது. அவளுக்குச் சயரோகம். குழந்தை இல்லை. அண்ணன் பொந்தியான் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கடற்காற்று மார்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தங்கையை அழைத்துப்போக வந்திருந்தார். கணவர் அனுப்ப மறுத்தார். அண்ணன் அவளுடைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலைத் தாண்டினார். அங்கேதான் கம்பு இறங்கியது.

விசாரணை ஒரு காலை வேளைக்குள் முடிந்தது. அடித்ததைக் கணவர் மறுக்கவில்லை. ஏன் அடித்தாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

"அவ எம் பொஞ்சாதிங்க" என்றார்.

அவ்வளவுதான். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்திரேட் கொஞ்சம் காத்திருந்தார், மீதி வரும் என்று. மீதி வரவில்லை. எதிர்வாதம் எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டு மூன்று மாதம் கடுங்காவல் விதித்தார்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். தண்டனையை மொழிபெயர்ப்பவனே தண்டனையைக் கொடுப்பவன் என்றுதான் தோட்டத்து ஆட்கள் பலரும் நினைத்தார்கள்.

"மூணு மாசம் அவ தாங்க மாட்டாங்க, ஐயா. டிரெஸர் ஐயா தீபாவளி தாண்டாதுன்னு சொல்லிட்டாரு. கடேசியில நான் பக்கத்துல இருக்கணுங்க."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸர் எனக்கும் பழக்கமானவர். அவர் சொன்னால் அநேகமாகச் சரியாக இருக்கும். அன்று மாலையே அப்பீல் நோட்டீஸை நான் எழுதிக்கொடுத்தேன். தோட்டத்துக் கங்காணி ஜாமீன் நின்றார். மேல்கோர்ட் ஜொகூர் பாருவில். அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் தீபாவளி தாண்டிவிடும். அதுவரை அவர் வெளியில் இருக்கலாம். அப்பீலில் வெல்வார் என்று நான் நினைக்கவில்லை. தாமதமாகத் தோற்பார் என்றுதான் நினைத்தேன். அவருக்கு வேண்டியது அந்தத் தாமதம்தான். கோர்ட்டின் தாமதத்தால் ஒருவருக்காவது நன்மை நடக்கட்டும் என்று எனக்குச் சிறிது சந்தோஷம்கூட.

கை முறிந்த அண்ணனைப் பெக்கோக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்திருந்தார்கள். அது ஒரே கட்டடம். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். தங்கை அந்தப் பக்கம். அவளுடைய இருமல் இந்தப் பக்கம் கேட்கும். ஒரு வாரம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார் என்று டிரெஸர் என்னிடம் சொன்னார். பிறகு ஒருநாள் அவளே எழுந்து தடுப்பைச் சுற்றி வந்து, கட்டுப்போட்ட கையோடு சாப்பிடத் தடுமாறிய அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டினாளாம். கணவர் பால் வெட்டு முடிந்து வந்து வாசலில் நின்று பார்த்தாராம். அவள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாளாம்: "நான் கண்ண மூடும்போது ரெண்டு பேரும் இருக்கணும். ஒருத்தரு ஜெயில்ல, ஒருத்தரு பொந்தியான்ல இருந்தா நான் யாரப் பாத்துக்கிட்டுப் போவேன்?"

அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். நிபந்தனைகள் மூன்று. தங்கை கணவர் வீட்டிலேயே இருப்பாள். அண்ணன் பொந்தியான் வேலையை விட்டு இந்தத் தோட்டத்திலேயே பெயர் பதிந்துகொள்வார். இனி இந்த விஷயத்துக்காக இருவரில் யாரும் கோர்ட்டுப் படி ஏறக் கூடாது. ஏறினால் அந்தப் பெண்ணுக்குத்தான் கேடு.

முதல் இரண்டு நிபந்தனைகளை எந்த வக்கீலும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க முடியாது. மூன்றாவதைக் கேட்டிருந்தால் எந்த வக்கீலும் தலையில் கை வைத்திருப்பார். ஆனால் தோட்டங்களில் சமாதானம் என்றால் அதுதான். கோர்ட்டுப் படி ஏறுவதுதான் பகை. படி ஏறாமல் இருப்பதுதான் உறவு. படி ஏறித்தான் உறவைப் பதிய வேண்டும் என்கிற விதியை எழுதியவர் இந்த ஜனங்களைச் சந்தித்ததில்லை.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் பியூன் வந்து, வெளியே இரண்டு தமிழர்கள் நிற்கிறார்கள், உள்ளே வரச் சொன்னால் வர மாட்டேன் என்கிறார்கள் என்றார். பியூன் வயதான மலாய்க்காரர். என்னைவிட அதிக மாஜிஸ்திரேட்டுகளைப் பார்த்தவர். நான் வெளியே போனேன். சாக்கடைமேல் போட்டிருந்த சிறு மதகின் அந்தப் பக்கம், மைத்துனர்கள் இருவரும் ஒரே குடையின்கீழ் நின்றார்கள். குடையைப் பிடித்திருந்தது அண்ணனின் முறியாத கை.

"உள்ள வாருங்கோ" என்றேன்.

"படி ஏற மாட்டோம்னு கற்பூரம் அணைச்சிட்டோங்க" என்றார் கணவர்.

"இது மதகு. படி இன்னும் இருபது அடி தள்ளி இருக்குது."

"எதுக்குங்க வம்பு? நீங்க இங்க வந்துட்டீங்கல்ல" என்றார் அண்ணன். நியாயமான வாதம்.

விஷயத்தைச் சொன்னார்கள். அடிபட்டவரே மன்னித்துவிட்டார், இன்னும் என்ன கேஸ் என்று கேட்டார்கள். அப்பீலையும் எடுத்துவிட வேண்டும். நிலுவையில் ஏதோ இருக்கிறது என்றால் அதுவும் பகைதானே.

நான் விதியைச் சொன்னேன். இருவரும் ரயிலேறி ஜொகூர் பாரு போய், மேல்கோர்ட்டில் நீதிபதி முன் நின்று, நாங்கள் சமாதானமாகிவிட்டோம், அனுமதி தாருங்கள் என்று கேட்க வேண்டும் என்றேன்.

"அதுவும் கோர்ட்டுப் படிதானேங்க?" என்றார் கணவர்.

"ஓம். இதைவிட உயரமான படி."

அண்ணன் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. "அவளுக்கு ஏதாச்சும் ஆயிருங்க" என்றார். "போய்வர ரெண்டு நாள் ஆகும். அவள விட்டுட்டு எப்படிப் போறது?"

இனி நான் செய்ததை எழுத வேண்டும். அலமாரியின் இரண்டாவது தட்டில் அப்பீல் வாபஸ் பாரங்கள் அச்சடித்து அடுக்கி வைத்திருந்தன. அதில் கைரேகை வைத்து அனுப்பினால் போதும்; யாரும் எங்கும் ஆஜராக வேண்டியதில்லை. அனுமதி கேட்கும் மனுவுக்கு அச்சுப் பாரம் கிடையாது. கையால் எழுத வேண்டும், இருவரும் போக வேண்டும். அன்று சனிக்கிழமை, அரைநாள் வேலை. அவர்களும் போக மாட்டேன் என்கிறார்கள். நான் வாபஸ் பாரத்தில் ஒன்றை எடுத்தேன். அதன் ஓரத்தில், தரப்பினர் இருவரும் முழுமையாகச் சமாதானமாகிவிட்டதால் இந்த அப்பீலுக்கு இனி அவசியம் இல்லை, தண்டனையை ரத்து செய்யக் கோருகிறார்கள் என்று என் அழகான ஆங்கிலக் கையெழுத்தில் எழுதினேன். நீதிபதி படிப்பார், புரிந்துகொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறர் இப்படி எழுதி அனுப்பிய காகிதங்களை, ஓரத்தில் எழுதக் கூடாது என்று குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பியவனும் நானேதான்.

பியூன் மைப்பெட்டியை வெளியே கொண்டுவந்தார். மதகுக் கட்டையின்மேல் காகிதத்தை விரித்துக் கைரேகை வைத்தார்கள். ரேகை வைப்பது இடது கைப் பெருவிரலால்; அண்ணனுக்கு அந்தக் கையில்தான் கட்டு.

"ஒடிஞ்ச கையோட ரேகை செல்லுங்களா?" என்று கேட்டார்.

"ரேகை ஒடியவில்லை. வையும்."

"நல்லா அமுக்கி வைங்க மச்சான்" என்றார் கணவர். "அப்புறம் ரேக சரியா விழலன்னு நம்மளத் திரும்பக் கூப்பிடுவாங்க."

"ஒடச்ச ஆளு சொல்றாரு பாருங்க, அமுக்கி வைக்கச் சொல்லி" என்றார் அண்ணன் என்னிடம். அப்போது கணவரும் சிரித்தார். பியூனுக்குத் தமிழ் தெரியாது, அவரும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு காகிதத்தில் கைரேகை விழுந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மேல்கோர்ட்டில் காகிதம் எந்த மேசையில் விழுந்ததோ தெரியாது. வாபஸ் பாரம் என்றால் வாபஸ்தான். நீதிபதியிடம் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆகஸ்ட் நடுவில் பதில் வந்தது: அப்பீல் வாபஸ் பெறப்பட்டது, தள்ளுபடி, கீழ்க்கோர்ட்டின் தண்டனை உறுதி, உடனே நிறைவேற்றுக. ஓரத்தில் நான் எழுதிய வரிகளின் மீது முத்திரையைக் குத்தியிருந்தார்கள். முத்திரைக்கு அங்கேதான் வெற்றிடம் என்று நினைத்திருப்பார்கள்.

வாரண்ட் எழுதுவது என் வேலை. எழுதினேன். கையெழுத்துக்கு மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய் வைத்து நடந்ததைச் சொன்னேன். இளைஞர், நல்லவர். காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஆனால் நீங்கள் அனுப்பியது வாபஸ் பாரம்தானே?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"அப்படிச் செய்தால் தண்டனை நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

தாம் விதித்த தண்டனையைத் தாமே மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதை நானே அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மேலிடத்துக்கு மனு எழுதிப் பாருங்கள், அடிபட்டவர் இங்கே வந்து சத்தியப் பத்திரம் கொடுத்தால் நான் பரிந்துரை எழுதுகிறேன் என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கணவரைப் பால் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே போலீசார் கொண்டுபோனார்கள். நேராக ரயில், நேராக ஜொகூர் பாரு ஜெயில். எங்கள் கோர்ட்டுக்குக் கொண்டுவரவில்லை. வாரண்ட் இருந்தால் அதற்குத் தேவையில்லை. ஒன்றும் தப்பாக நடக்கவில்லை.

நான் பெக்கோக்குக்குப் போனேன். கோர்ட்டுக் கிராணி தோட்டத்துக்குத் தேடிப் போவது வழக்கமில்லை. லயத்துச் சனம் வெளியே வந்து பார்த்தது. அண்ணன் தங்கையின் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் விறகு பிளக்க முயன்றுகொண்டிருந்தார். உள்ளிருந்து இருமல் கேட்டது. நான் தாழ்ந்த குரலில், அவர் எங்கள் கோர்ட்டுக்கு வந்து மாஜிஸ்திரேட் முன் ஒரு சத்தியப் பத்திரம் கொடுத்தால் மேலிடம் தண்டனையைக் குறைக்கக்கூடும் என்றேன். இந்த முறை மதகில் வைக்க முடியாது, உள்ளே வந்தாக வேண்டும் என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"படி ஏறினா அவளுக்குத்தாங்க ஆகும்" என்றார். "அப்படித்தான் சொல்லி அணைச்சோம்."

அந்தச் சத்தியத்துக்குச் சட்டத்தில் பலம் கிடையாது என்று சொன்னேன். இந்த வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான வாக்கியங்களில் அதற்கு நல்ல இடம் உண்டு.

"மாப்ள எப்ப வருவாருங்க, ஐயா?" என்று அவள் உள்ளேயிருந்து என்னைக் கேட்டாள். கணவரை அவள் அண்ணன் அழைப்பதுபோல மாப்பிள்ளை என்றுதான் பிறரிடம் சொல்வாளாம். அண்ணன்தான் பதில் சொன்னார். "கிராணி ஐயா எழுதறாரு, புள்ள. வந்துருவாரு."

அடுத்த திங்கட்கிழமை அவர் வந்தார். மதகைத் தாண்டினார். படிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறினார். நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி வாங்கி, கைரேகையும் வாங்கினேன். இறங்கும்போது, "சாமிகிட்ட நான் பேசிக்கிறேங்க, தப்பு எம்மேலயே இருக்கட்டும்" என்றார். மனு அன்றைய தபாலிலேயே போயிற்று. என் வேலையில் அதைவிடச் சிறப்பான மனுவை நான் எழுதியதில்லை. அச்சுப் பாரம் இல்லை, ஓரக்குறிப்பு இல்லை, எல்லாம் வரிசைக்கிரமம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் அனுப்பினேன். மனு பரிசீலனையில் உள்ளது என்று ஒரு முறை வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

அவள் தீபாவளிக்குச் சில நாள் முன்பு இறந்துபோனாள். பகல் பதினொரு மணிக்கு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பால் நிறுக்கும் நேரம் என்றார் டிரெஸர். பக்கத்தில் அண்ணன் இருந்தார். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கணவர் செய்ய வேண்டிய காரியங்களை அண்ணன் செய்தார். தோட்டத்துச் சுடுகாட்டில், முறிந்து சேர்ந்து கொஞ்சம் கோணலாகிவிட்ட கையால். ஜெயிலுக்கு நான் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். அங்கே வாசிக்கத் தெரிந்த ஒரு கைதி அவருக்கு அதை வாசித்துக் காட்டினாராம்.

தண்டனை முடிந்து அவர் வந்தார். ரயிலைவிட்டு இறங்கி, தோட்டத்துக்குப் போவதற்கு முன்பு எங்கள் மதகில் வந்து நின்றார். நான் போனேன். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இன்னும் அந்தப் பக்கத்திலேயே நின்றார்.

"நான் படி ஏறலங்க" என்றார். "போலீசுகாரங்க புடிச்சப்பக்கூட கேட்டேன், கோர்ட்டுக்காங்கன்னு. இல்ல, ஜெயிலுக்குத்தான்னாங்க. அப்பறந்தான் நடந்தேன்."

நான் மதகைத் தாண்டி அவர் பக்கம் போனேன்.

"மச்சான் ஏறினாருன்னு ஜெயில்ல கேள்விப்பட்டேன். நெசங்களா?"

"உமக்காகத்தான் ஏறினார். நான்தான் கூப்பிட்டேன்."

"என்னக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேங்க. மூணு மாசந்தானே. அவ இருந்திருப்பா."

நான் உண்மையைச் சொன்னேன். சத்தியம் கொல்லவில்லை, நோய் கொன்றது. அவர் பக்கத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம் நான் எடுத்த பாரம், இரண்டாவது தட்டில் இருந்தது, கைக்கு எட்டியது என்பதால் எடுத்தேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்றார். "எழுதறவருதானே."

அவர் என்னைக் குற்றம் சொல்லியிருக்கலாம். நான் அவ்வளவு முக்கியமானவன் என்று அவர் நினைக்கவில்லை. அவருக்கு இருந்த கோபம் முழுவதும் கற்பூரத்தை மீறிய மைத்துனர்மேல். அண்ணனுக்கோ அதே கோபம் தம்மேலேயே இருந்தது. இவர் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டு பொந்தியானுக்குப் போய்விட்டார். அதன்பிறகு இருவரும் பேசிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. கோர்ட்டுப் பதிவேட்டில் அந்த வழக்குக்கு எதிரே, தரப்பினர் சமாதானம் என்று இன்றைக்கும் என் கையெழுத்தில் இருக்கும்.

அவர் வந்து போன நான்காம் நாள், தபால்பையைப் பிரித்த பியூன் என் மேசைக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். "சூரத் சுடா சம்பாய், இன்சே" என்றார். கடிதம் வந்துவிட்டது, ஐயா. மதகில் மைப்பெட்டி பிடித்தவர் ஆயிற்றே, எந்தக் கடிதம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. பிரித்தேன். மூன்றே வரி. மனுவும் சத்தியப் பத்திரமும் கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டன. மனுதாரர் தம் தண்டனையை முழுமையாக அனுபவித்து முடித்துவிட்டபடியால், இதில் தீர்மானிக்க வேண்டியது இனி ஒன்றும் இல்லை. உத்தரவு எதுவும் தேவையில்லை.

விதிப்படி அது சரியான பதில். பியூன் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார், கோப்பில் வைப்பதற்காக. கடிதத்தின் தலைப்பில், வழக்கம்போல வலப்பக்க ஓரத்தில், வந்த தேதியைக் குறித்துக் கொடுத்தேன்: நவம்பர் பத்தொன்பது.